சென்னை–சேலம்: இருக்கிற இரண்டு சாலையும் இல்லாத மூன்றாவதும்

சேலத்தில் வீடு, சென்னையில் வேலை என்று இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஒரு கேள்வி வரும்: கிருஷ்ணகிரி வழியா, உளுந்தூர்ப்பேட்டை வழியா? முதலாவது சுமார் 350 கிலோமீட்டர், இரண்டாவது சுமார் 340. எதில் போனாலும் டீக்கு நிறுத்தாமலே ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 2018 தொடக்கத்தில் இதற்கு மூன்றாவதாக ஒரு பதிலை மத்திய அரசு அறிவித்தது. பாரத்மாலா என்ற தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் 277 கிலோமீட்டரில் எட்டுவழிச் சாலை, மதிப்பீடு சுமார் 10,000 கோடி ரூபாய். பயண நேரம் பாதியாகும் என்றார்கள். இன்றுவரை அந்தச் சாலையில் ஒரு கிலோமீட்டர்கூடப் போடவில்லை. ஆனால் அதைப் பற்றிய சண்டை மட்டும் 'எட்டுவழிச் சாலை வேண்டுமா, வேண்டாமா' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது. 'எதோடு ஒப்பிட்டு வேண்டும்' என்று கேட்டவர்கள் குறைவு.

கேட்டுப் பார்ப்போம். புதுச் சாலையில் மிச்சமாகும் தூரம் சுமார் 60 கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அது முக்கால் மணி நேரம். அப்படியானால் சொல்லப்பட்ட மூன்று மணி நேர மிச்சத்தில் முக்கால் மணிதான் தூரம் குறைவதால் கிடைப்பது. மீதி இரண்டேகால் மணியும் தடங்கல் இல்லாமல் ஓட்டுவதால் கிடைப்பது. தடங்கலை எடுப்பது பழைய சாலையிலும் முடிகிற காரியம்தானே? 340 கிலோமீட்டரை சராசரி 80இல் கடக்க முடிந்தால் நாலேகால் மணி நேரம் ஆகும். புதுச் சாலையில் மூன்று. இது என் மனக்கணக்குதான், பொறியாளர் கணக்கு இல்லை. ஆனாலும் இதன்படி பழையதைச் சரிசெய்வதற்கும் புதியதைப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம். பேரம் அதற்குத்தான்.

முதலில் கிருஷ்ணகிரி வழி. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபேட்டை வரை ஆறுவழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. மாற்றுப்பாதை அம்புக்குறிகளைப் பார்த்தே அந்த வட்டாரத்தின் சர்வீஸ் ரோடுகள் எனக்கு மனப்பாடம். வேலூர் தாண்டினால் வண்டி பறக்கும். தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய். சேலம் நோக்கிய இறக்கம் அது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகள், சூடேறிப் பிடிக்காமல் போகும் பிரேக், இரட்டைப் பாலம் பக்கம் நொறுங்கிக் கிடக்கும் கார்கள் என்று நாளிதழ்களின் சேலம், தர்மபுரி பக்கங்களில் படித்துப் படித்து அலுத்துப்போனவை. அங்கே உயர்மட்டச் சாலைக்கு ஒப்புதலே பல உயிர்கள் போன பிறகுதான் வந்தது. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரு, ஓசூர் வண்டிகளுக்காகவே இருக்கும் சாலை, நாம் அதில் ஒட்டிக்கொள்கிறோம்.

உளுந்தூர்ப்பேட்டை வழிதான் சுவாரசியமானது. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று திருச்சி சாலையில் போய் உளுந்தூர்ப்பேட்டையில் மேற்கே திரும்பினால் சேலம் வரை சுமார் 136 கிலோமீட்டர். பேருக்கு நாலுவழிச் சாலை. ஊருக்கு ஊர் அதில் ஒரு வேடிக்கை உண்டு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று ஒவ்வொரு ஊரையும் சுற்றிப் போகும் புறவழியை மட்டும் இருவழியாகப் போட்டு விட்டுவிட்டார்கள். நெடுஞ்சாலையில் நூறில் வந்துகொண்டிருப்பீர்கள். நடுத்தடுப்பு திடீரென்று முடியும். எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் நேராக உங்கள் முகத்தில் அடிக்கும். அந்த நொடியில் முந்திக்கொண்டிருப்பவன் பாடு கடவுள் விட்ட வழி. ஒருமுறை ராத்திரி சின்னசேலம் புறவழியில் எனக்கு முன்னால் போன கரும்பு டிராக்டரின் டிரெய்லரில் பின்விளக்கே இல்லை. பின்பக்கம் ஒரு சிவப்புத் துணி தொங்கியது, அவ்வளவுதான். இருபதடி தள்ளித்தான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா ஊர் வந்து சேரும் வரை வாயே திறக்கவில்லை.

இத்தனைக்கும் இது கட்டணச் சாலை. பரனூர், விக்கிரவாண்டி எல்லாம் தாண்டி, நத்தக்கரையிலும் மேட்டுப்பட்டியிலும் பணம் கட்டித்தான் சேலத்துக்குள் நுழைய வேண்டும். நாலுவழிக்குக் காசு கொடுத்துவிட்டு, ஆபத்தான இடத்தில் மட்டும் இருவழியில் போகிறோம். சாலை மெதுவாக இருப்பதற்கும் உயிர் போவதற்கும் பெரிய காரணம் இந்தச் சில கிலோமீட்டர்கள்தான். அவை வருஷக்கணக்கில் அப்படியே கிடந்தபோதுதான் பக்கத்திலேயே 277 கிலோமீட்டருக்குப் புதுச் சாலை என்ற பேச்சு வந்தது.

சரி, எட்டுவழிக்கு வருவோம். அதன் பக்கமும் நியாயம் உண்டு. வண்டலூர் பக்கம் வெளிவட்டச் சாலையை ஒட்டிப் புறப்பட்டு, சேலம் ஊருக்குள் நுழையாமல் அரியானூரில் கோவைச் சாலையில் சேர்வதாகத் திட்டம். கோவை, திருப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் போகும் கன்டெய்னருக்கு அது நிஜமான லாபம். அதைவிடப் பெரிய லாபம் பாதுகாப்பு. நினைத்த இடத்தில் ஏற முடியாத சாலையில் குறுக்கே மாடு வராது, நடுத்தடுப்பை உடைத்து டூவீலர் திரும்பாது, தவறான பக்கத்தில் டிராக்டர் வராது. தொப்பூரிலும் சின்னசேலத்திலும் சாகிறவர்களை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை. ஆதரித்தவர்கள் ஏனோ 'மூன்று மணி நேரம்' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உயிரைப் பற்றிப் பேசியிருந்தால் நானே கொஞ்சம் சாய்ந்திருப்பேன்.

பெயரிலேயே ஒரு கோளாறு. 'பசுமைவழிச் சாலை' என்றதும் இருபுறமும் மரம் வைக்கப்போகிறார்கள் என்று நம்பியவர்களை எனக்குத் தெரியும். பொறியாளர் பேச்சில் 'கிரீன்ஃபீல்டு' என்றால் முன்பு சாலையே இல்லாத இடத்தில் போடுவது என்று அர்த்தம். அந்த 'இல்லாத இடம்' பலருடைய வயல். அகலம் 70 மீட்டர் என்றார்கள். 277 கிலோமீட்டரால் பெருக்கினால் 1,900 ஹெக்டேருக்கு மேல் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் மட்டும் 120 கிலோமீட்டருக்கு மேல். போதாததற்குக் காட்டு நிலமும் உண்டு.

2018 கோடையில் சேலம் பக்கம் சாலைக்கு அளந்து எல்லைக் கல் நட்டபோது நண்பர் ஒருவரின் அப்பா தோட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டரை ஏக்கர். கல் அதில் கோணலாகப் போயிருந்தது. சாலைக்கு எடுப்பது ஒரு ஏக்கருக்கும் கொஞ்சம் குறைவு. ஆனால் கிணறு எடுக்கும் அந்தத் துண்டில். "கெணறு போச்சுன்னா மிச்ச நெலத்துல என்னத்தப் பண்றது தம்பி, கட்டில் போட்டுப் படுக்கறதா?" என்றார். ஏறி இறங்க முடியாத சாலையின் மறுபக்கத்தில் நிலம் மிஞ்சினாலும் சுரங்கப்பாதை இருக்கும் இடம் வரை சுற்றித்தான் போக வேண்டும். ஹெக்டேர் கணக்கில் இதெல்லாம் வராது.

இழப்பீடு தாராளம் என்றார்கள். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் சந்தை மதிப்பை 1.25ஆல் பெருக்கி, அதே அளவு ஆறுதல் தொகையும் சேர்த்தால் இரண்டரை மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தை மதிப்பைக் கணக்கிடப் பார்க்கும் விஷயங்களில் ஒன்றான வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் நில விலையை, முந்தின வருஷம், 2017 ஜூனில்தான், 33 சதவீதம் குறைத்திருந்தார்கள். பத்திரம் போடுகிறவனுக்குச் சலுகை, நிலம் பறிபோகிறவனுக்கு அடி.

அகலப்படுத்தினால் யாருக்கும் சேதமில்லை என்று சொல்ல வரவில்லை. சாலையோரப் புளியமரமும் டீக்கடையும் போகும், கடைக்காரர் வாடகைதாரர் என்றால் கையில் பெரிதாக எதுவும் வராது. ஆனால் கிணறும் வயலும் இந்த அளவுக்குப் போகாது. அனுமதி விஷயத்திலும் வித்தியாசம் உண்டு. புதிய தேசிய நெடுஞ்சாலை என்றாலே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். இருக்கிற சாலையை அகலப்படுத்துவதற்கு, நீளம் 100 கிலோமீட்டரைத் தாண்டி, கூடுதலாக எடுக்கும் அகலமும் 40 மீட்டரைத் தாண்டினால்தான் வேண்டும். புறவழியில் அது 60 மீட்டர். ஆத்தூர், வாழப்பாடி புறவழிகளை நாலுவழியாக்க அந்த எல்லையை நெருங்கவே தேவையில்லை.

எட்டுவழி சிக்கியதும் இந்த இடத்தில்தான். அனுமதிக்கு முன்பே நிலமெடுப்பைத் தொடங்கியது தவறு என்று 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அறிவிக்கை வெளியிட முன் அனுமதி தேவையில்லை, வேலைக்கு முன் கட்டாயம் என்றது. அரசுக்கு வெற்றிதான். அதற்குள் கிட்டத்தட்ட மூன்று வருஷம் போய்விட்டது. அந்த நேரத்தில் எத்தனை புறவழிகளை முடித்திருக்கலாம் என்று ஆத்தூர்க்காரர்களைக் கேட்டால் விரல் விட்டு எண்ணிக் காட்டுவார்கள்.

'திருவண்ணாமலை பின்தங்கிய மாவட்டம், எட்டுவழி வந்தால் முன்னேறும்' என்ற வாதமும் இருந்தது. அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு தேசிய நெடுஞ்சாலை உண்டு: திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி. அதன் அகலப்படுத்தும் வேலை பாதியில் நின்று, பல வருஷம் குழியும் புழுதியுமாகக் கிடந்தது. கிரிவலத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

என் வரிசை இதுதான்: முதலில் உளுந்தூர்ப்பேட்டைச் சாலையின் புறவழிகள், அடுத்து தொப்பூர். இரண்டும் முடிந்த பிறகு இரண்டு வருஷம் வண்டிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, அப்போதும் போதவில்லை என்றால் புதுச் சாலையைப் பேசலாம், அதுவும் எட்டுவழியா என்று முதலில் கேட்டுவிட்டு. அதுவரை வெள்ளிக்கிழமை கேள்விக்கு என் பதில்: மத்தியானம் ஒரு மணிக்குள் தாம்பரம் தாண்ட முடிந்தால் உளுந்தூர்ப்பேட்டை, இருட்டுவதற்குள் ஆத்தூரைக் கடந்துவிடலாம். முடியாவிட்டால் வேலூர் வழியே போய், தொப்பூர் இறக்கத்தில் மூன்றாவது கியரை விட்டு மாற்றாதீர்கள்.