பிசியோதெரபியா, சித்தாவா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வலை இழுத்துத் தோள் பிடித்துக்கொண்டவர்களுக்குக் கையால் சிகிச்சை தர விரும்பும் பிள்ளைகளுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. பிசியோதெரபி என்றால் நான்கு ஆண்டுப் படிப்பு, அப்புறம் மருத்துவமனைப் பயிற்சி. மூட்டு எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று கோணமானி வைத்து அளந்து எழுதுவார்கள்; அடுத்த வாரம் அதே கையைத் தூக்கச் சொல்லி ஒப்பிடுவார்கள். சித்தாவுக்கு நீட் எழுத வேண்டும். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. வர்மமும் (உடலின் முக்கியப் புள்ளிகளைத் தொட்டுச் செய்யும் சிகிச்சை) ஒன்பது வகைத் தொக்கணமும் (கையால் பிடித்து, அழுத்தி, தேய்த்துவிடுவது) அதில்தான் முறையாகக் கிடைக்கும். பாளையங்கோட்டை அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மூட்டும் முதுகும்தான் முழுநேர வேலை என்றால் பிசியோதெரபியைத்தான் சொல்வேன். எழுதும் ஆசையும் சேர்ந்திருந்தால் சித்தா: பழம்பாடல்களில் கிடக்கும் வர்மக் குறிப்புகளை மீனவர் வீட்டில் புரியும் தமிழில் எழுத ஆள் வேண்டும்.