கிளாசிக் காருக்கு எந்த நம்பர் பிளேட்? அசல், புதுப்பித்தது, நகல், அரசின் மறுபதிப்பு

1965 ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை யாரோ வருஷக்கணக்கில் உழைத்துச் சரிசெய்து கலிபோர்னியா சாலையில் ஓட்டிப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அந்தக் காலத்து நிறம், குரோம் பளபளக்கிறது, வீல் கப் வரை தேடிப் பிடித்திருக்கிறார். பின்னால் பார்த்தால் இன்றைய வெள்ளை நம்பர் பிளேட், அதன் அடியில் வாகனத் துறையின் இணைய முகவரி. பார்க்கிறவர் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும்.

அமெரிக்காவில் இதற்கு வழி உண்டு. பல மாநிலங்களில் கார் தயாரான ஆண்டின் பழைய பிளேட்டையே பதிவு செய்து மாட்டிக்கொண்டு ஓட்டலாம். அங்கே கார்க்காரர்கள் 'ஒய்ஓஎம்' (இயர் ஆஃப் மேனுஃபாக்சர், அதாவது தயாரிப்பு ஆண்டு) என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். ஆனால் பழைய பிளேட் வாங்கப் போனால் நான்கு விதமான சரக்கு கண்ணில் படும்: காலம் பார்த்த அசல், அதே அசலுக்குப் புது பெயின்ட் அடித்தது, இன்று புதிதாக அடித்த நகல், மாநில அரசே பழைய பாணியில் தரும் மறுபதிப்பு. நாலும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரியும். பதிவு அலுவலகக் கவுன்டரில் போய் நின்றால்தான் வித்தியாசம் தெரியும்.

அதனால் முதலில் சட்டம். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் பொதுவாகக் கேட்பது இவ்வளவுதான்: பிளேட் அந்த மாநிலம் அந்த ஆண்டுக்கு வெளியிட்ட அசலாக இருக்க வேண்டும், வண்டியின் வகைக்குப் பொருந்த வேண்டும், எண் படிக்கும்படி இருக்க வேண்டும், அதே எண் இன்னொரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. வகை என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். பிக்கப் டிரக்குக்குக் கொடுத்த பிளேட்டைக் காரில் மாட்ட முடியாது. கலிபோர்னியாவின் 60களின் கார் பிளேட்டில் மூன்று எழுத்து, அப்புறம் மூன்று எண். டிரக் பிளேட்டில் ஓர் எழுத்துக்குப் பின் ஐந்து எண். விற்பவர் 'கறுப்பு பிளேட், 60கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் படத்தை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

ஆண்டு விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. மஸ்டாங் விற்பனைக்கு வந்தது 1964 ஏப்ரல் 17. ஆனால் ஃபோர்டு கணக்கில் அது 1965 மாடல். அந்த ஏப்ரலில் வாங்கியவரின் பிளேட்டில், எந்த ஆண்டுக்கான பதிவு என்று காட்டும் 1964-ம் ஆண்டு ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். இன்று பதிவு செய்யப் போனால் அலுவலகம் பார்ப்பது மாடல் ஆண்டை, ஆகவே 1965 ஸ்டிக்கர் வேண்டும். வரலாற்றுக்குச் சரியானது ஒன்று, பதிவுக்குச் சரியானது இன்னொன்று. சாலையில் ஓட்டுவதாக இருந்தால் பதிவு சொல்வதுதான் சட்டம். கண்காட்சிக்கு மட்டும் என்றால் 1964 ஸ்டிக்கரோடு நிறுத்துங்கள், விஷயம் தெரிந்தவர் பாராட்டுவார்.

சரி, அசலுக்கு வருவோம். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். காரணம் மதிப்பு மட்டும் இல்லை, பிளேட்டிலேயே நிறையத் தகவல் இருக்கிறது. கலிபோர்னியா 1963-ல் கறுப்பில் மஞ்சள் எழுத்து கொண்ட பிளேட்டை எல்லா வண்டிகளுக்கும் கொடுத்தது. 1969-ல் நீலத்தில் மஞ்சள் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், ஏற்கெனவே பிளேட் உள்ள வண்டிக்குப் புதுப் பிளேட் கிடையாது, ஆண்டுதோறும் ஒரு ஸ்டிக்கர் மட்டும்; புது வண்டிக்கு வரிசையில் அடுத்த பிளேட். ஆகவே பிளேட்டின் எழுத்து வரிசையே ஒரு நாட்காட்டி. அகரவரிசையின் முன்பாதி எழுத்தில் தொடங்கினால் முன்னாலேயே கொடுத்தது, கடைசி எழுத்துகளில் தொடங்கினால் 60களின் கடைசி. சட்டப்படி சரியான ஸ்டிக்கர் இருந்தால் போதும், எந்த எழுத்தும் செல்லும். ஆனால் 1963 காரில் அகரவரிசைக் கடைசி எழுத்தோடு ஒரு பிளேட் தொங்கினால் விவரம் தெரிந்தவர் புன்னகைப்பார். அதைப் பொருட்படுத்துவீர்களா என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. நான் பொருட்படுத்துவேன்.

அசலை வாங்கும்போது முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை அதிக நேரம் பாருங்கள். முன்பக்கத்தை யாரும் துடைத்து, மெழுகு போட்டு அழகாக்கிவிடலாம். பின்பக்கம் பொய் சொல்லத் தெரியாதது. போல்ட் ஓட்டையைச் சுற்றி வாஷர் உட்கார்ந்த வட்டத் தழும்பு இருக்கும். பிராக்கெட் உரசிய இடத்தில் ஒரு கோடு. கீழ் விளிம்பில் சேறு தேங்கிப் படிந்த துரு. முன்பக்கம் துரு தெரியும் இடத்துக்கு நேர் பின்னால் ஒன்றுமே இல்லாமல் சுத்தமாக இருந்தால், துருவை யாரோ வரவழைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஜோடி என்று விற்றால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முன் பிளேட்டில் கல் அடித்த புள்ளிகள் அதிகமாகவும், பின் பிளேட்டில் வேறு விதத் தேய்மானமும் இருப்பதுதான் இயல்பு. இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால், வண்டியில் ஏறாமலே அலமாரியில் கிடந்த ஜோடியாக இருக்கலாம். அப்படிக் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லையேல் அண்மையில் பெயின்ட் அடித்தது.

ஜோடி என்பது விலையில் பெரிய விஷயம். இரண்டு பிளேட் கொடுத்த மாநிலத்தில் ஒற்றையை வைத்துப் பெரும்பாலும் பதிவு செய்ய முடியாது. மற்றொன்றைத் தனியாகத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம், ஏனென்றால் அதே எண் வேண்டும். ஒற்றைப் பிளேட் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். பின்னால் மட்டும் பிளேட் மாட்டும் பென்சில்வேனியா போன்ற இடங்களில் இந்தத் தலைவலி குறைவு.

பழைய காலம் போகப் போக அசலில் வேறு சங்கடங்கள். 1956, 57 வாக்கில்தான் அமெரிக்கா முழுக்க 6 அங்குலம் உயரம், 12 அங்குலம் நீளம் என்று அளவு ஒருவழியாகப் பொதுவானது. அதற்கு முன்னால் மாநிலத்துக்கு ஓர் அளவு, சில இடங்களில் வடிவமே வேறு. டென்னசி 1936 முதல் 20 ஆண்டுகள் தன் வரைபட வடிவத்திலேயே பிளேட் வெட்டியது. இன்றைய பிரேம், பிராக்கெட் எதுவும் அதற்கு உட்காராது. போர்க்காலக் கார் என்றால் இன்னும் வேடிக்கை. உலோகத் தட்டுப்பாட்டால் பல மாநிலங்கள் 1943-ல் புதுப் பிளேட் அடிக்கவில்லை. 1942 பிளேட்டின் மூலையில் ஒரு சின்னத் தகடு, அல்லது கண்ணாடியில் ஸ்டிக்கர், அவ்வளவுதான். இல்லினாய் சோயா நாரை அழுத்திச் செய்த அட்டையில் பிளேட் கொடுத்தது. ஆடு மாடுகள் அதைக் கடித்துத் தின்றன என்பது சேகரிப்பாளர்கள் மத்தியில் நிரந்தர நகைச்சுவை. அந்த அட்டை நல்ல நிலையில் கிடைத்தால் மழையில் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்து, அசலுக்குப் புது பெயின்ட் அடித்தது. கார் முழுக்கப் புதிதுபோல் மின்னும்போது துருப்பிடித்த பிளேட் உறுத்தும். அப்போது இதுதான் பொருத்தம். உலோகம் அசல், எண் அசல் என்பதால் பெரும்பாலும் பதிவிலும் தகராறு வராது. ஆனாலும் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது.

நல்ல வேலையையும் மோசமான வேலையையும் பிரிப்பது எழுத்தின் ஓரம். அந்தக் காலத்தில் பிளேட் முழுக்க ஒரு நிறம் அடித்து, புடைத்து நிற்கும் எழுத்தின் தலையில் மட்டும் ரோலர் உருட்டி இரண்டாம் நிறம் ஏற்றினார்கள். இன்றும் நல்ல கைகாரர் அப்படித்தான் செய்கிறார். பழைய பெயின்டைக் கெமிக்கல் போட்டு உரித்து, நெளிவைப் பலகையில் கவிழ்த்து மெதுவாக எடுத்து, பிரைமரும் அடிநிறமும் அடித்துக் காயவிட்டு, கெட்டியான ரப்பர் ரோலரில் மஞ்சளை மெல்லியதாகப் பரப்பி ஒரே இழுப்பாக உருட்டுவார். எழுத்தின் மேல்தளம் மட்டும் நிறம் வாங்கும், சரிவில் அடிநிறம் நிற்கும். ஸ்பாஞ்சு ரோலர் மெத்தென்று அமுங்கிச் சரிவிலும் இறங்கிவிடும், எழுத்து ஊதிப்போனதுபோல் தெரியும். பிரஷ் பிடித்து எழுதியிருந்தால் ஓரம் ஆடும். மணலை வீசிச் சுத்தம் செய்த பிளேட்டை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் பெயின்டுக்கு அடியில் சொரசொரப்பு தெரியும். தகடு மெல்லியது, சில சமயம் வளைந்தும் போயிருக்கும்.

இதில் யாரும் முன்கூட்டியே சொல்லாத செலவு ஒன்று உண்டு. பெயின்டை உரித்தால் ஆண்டு ஸ்டிக்கரும் போய்விடும். கலிபோர்னியா 1965 காருக்கு அந்த 1965 ஸ்டிக்கர்தான் உயிர். ஒட்டாமல் மிச்சமிருந்த அசல் ஸ்டிக்கரைத் தனியாகத் தேடி வாங்க வேண்டும். ஆகவே ஸ்டிக்கர் நன்றாக ஒட்டியிருக்கும் பிளேட் சுமாராக இருந்தாலும் அதன்மேல் கை வைக்காதீர்கள். நிறம் பொருத்த வேண்டுமானால் பிரேமுக்கு அடியில் வெயில் படாமல் இருந்த ஓரத்தைப் பாருங்கள், உண்மையான நிறம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எனாமல் என்ற கண்ணாடிப் பூச்சு கொண்ட பிளேட் தனி ஜாதி. மாசசூசெட்ஸ் 1903-ல் நாட்டிலேயே முதலாவதாக மாநில அரசே பிளேட் கொடுக்கத் தொடங்கியபோது அது இரும்பின்மேல் சூளையில் சுட்ட எனாமல்தான். கலிபோர்னியாவின் முதல் மாநிலப் பிளேட்டும், 1914, அப்படியே. போல்ட் ஓட்டை ஓரம் சில்லுப் பெயர்ந்திருப்பது சகஜம். பெரும்பாலும் அதை மறுபடி சுடுவதில்லை, எபாக்சி பசை வைத்து நிறம் தொட்டுச் சரிக்கட்டுவார்கள். என்னைக் கேட்டால் எனாமலைத் தொடாமல் விடுவதே மேல். சில்லுப் போனாலும் எண் தெளிவாகத்தான் இருக்கும், போல்ட்டை மட்டும் இறுக்கித் திருகாமல் ரப்பர் வாஷர் வைத்து மாட்டுங்கள்.

மூன்றாவது, புதிதாக அடித்த நகல். எந்த எண், எந்த ஆண்டு கேட்டாலும் கிடைக்கும், ஜோடியாகவும் கிடைக்கும், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் பதிவுக்குப் பெரும்பாலும் உதவாது. படப்பிடிப்பு, கண்காட்சி மேடை, கேரேஜ் சுவர் என்றால் தாராளமாக வாங்கலாம். நகலை நகல் என்று சொல்லி விற்பவரிடம் எனக்குச் சண்டை இல்லை. பழசு என்று விற்பவரிடம்தான். அந்த ஆண்டில் இரும்பில் அடித்த மாநிலம் என்று தெரிந்தால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், நகல் பெரும்பாலும் அலுமினியம், ஒட்டாது. எழுத்துருவையும் அதே ஆண்டின் நிச்சயமான அசல் படத்தோடு ஒப்பிடுங்கள், 3, 5, எஸ் ஆகியவற்றின் வளைவில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த நகல் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. நியூயார்க் 1901-ல் பதிவைக் கட்டாயமாக்கியபோது அரசு பிளேட் கொடுக்கவில்லை. உரிமையாளரே தன் பெயரின் முதலெழுத்துகளைத் தோலிலோ மரத்திலோ பதித்து மாட்டிக்கொண்டார். கலிபோர்னியாவிலும் 1905 முதல் 1913 வரை எண்ணை மட்டும் அரசு கொடுத்தது, பிளேட் உரிமையாளர் வேலை. ஆக 1910 காருக்கு இன்று ஒரு தோல் பிளேட் செய்து உலோக எண் பதித்தால், செய்முறையில் அது அந்தக் காலத்துக்கு உண்மையானதே. அன்றும் எவரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து செய்ததுதானே. சாலைக்கு மட்டும் அரசுப் பிளேட் தனியாக வேண்டும்.

நான்காவது அரசின் மறுபதிப்பு. கலிபோர்னியா 50கள், 60கள், 70களின் பாணிகளுக்கு முன்பதிவு கேட்டது. ஒவ்வொன்றுக்கும் 7,500 பேர் வேண்டும் என்றது, 60களின் கறுப்பு மஞ்சள் மட்டுமே தேறியது. கவலையே இல்லாத வழி இதுதான், அலுவலகமே தருகிறது. ஆனால் விளக்கு பட்டால் மின்னும் பூச்சு அதில் உண்டு, அசலில் கிடையாது. பகலில் ஓரளவு ஏமாற்றும், இரவில் காட்டிக்கொடுக்கும். அதோடு எந்த ஆண்டு வண்டிக்கும் வாங்கலாம் என்பதால் நேற்று ஷோரூமிலிருந்து இறங்கிய மின்சாரக் காரிலும் அதே கறுப்புப் பிளேட் தொங்குகிறது. கிளாசிக் காருக்கு அது தரவேண்டிய தனித்தன்மை போய்விட்டது. டெலவேர் கதை வேறு. அங்கே குறைந்த எண்கள் குடும்பச் சொத்து, 6 என்ற எண் 2008-ல் 6,75,000 டாலருக்கு ஏலம் போனது. குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே வைத்திருப்பவர் கறுப்பு வெள்ளை எனாமல் பிளேட்டைப் புதிதாகச் செய்தே சட்டப்படி மாட்டலாம்.

இதோடு 'வரலாற்று வாகனம்' என்று எழுதிய பிளேட்டைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கலிபோர்னியாவில் குறைந்தது 25 வயதான, வரலாற்று முக்கியத்துவமுள்ள வண்டிக்கு அது கிடைக்கும். ஆனால் முக்கியமாகக் கண்காட்சி போன்ற தேவைகளுக்கே ஓட்ட வேண்டும். ஒய்ஓஎம் பிளேட்டில் வண்டி சாதாரணப் பதிவில் இருப்பதால் ஆபீசுக்கும் ஓட்டலாம், காய்கறி வாங்கவும் ஓட்டலாம்.

எங்கே வாங்குவது? இணைய ஏலத்தில் ரகம் அதிகம், ஆனால் பின்பக்கப் படம் கேட்டு வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் அக்டோபரில் கூடும் பழைய கார்ச் சந்தை போன்ற இடங்களில் கையில் எடுத்துப் பார்க்கலாம், பேரம் பேசலாம். 1954-ல் தொடங்கிய நம்பர் பிளேட் சேகரிப்பாளர் சங்கமான ஆல்ப்கா உறுப்பினர்களிடம் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், எந்த ஆண்டில் எந்த எழுத்து ஓடியது என்று கேட்டால் பதில் வரும். யாரிடம் வாங்கினாலும் எண் அலுவலகப் பதிவில் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காலியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மறுப்பவரிடம் பேச்சை நீட்டாமல் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடலாம்.

தினமும் ஓடும், அங்கங்கே கீறல் உள்ள காருக்குத் தொடாத அசல் ஜோடி. புதிதுபோல் எழுப்பிய காருக்கு நல்ல கைகாரர் பெயின்ட் அடித்த அசல், ஸ்டிக்கரை முதலில் கையில் வாங்கிக்கொண்டு. நகலுக்கு மேடை. அசல் ஜோடி கிடைக்கும்வரை அரசின் மறுபதிப்பை மாட்டி ஓட்டுவதில் தவறில்லை, ஆனால் தேடலை நிறுத்தாதீர்கள்.