கார்ல் ஜென்கின்ஸ் 'தி ஆர்ம்ட் மேன்': பெனடிக்டஸோட நிறுத்திடாதீங்க

நம்ம இலங்கை மலையகப் பக்கம் சர்ச் கொயர்ல பாடுற பிள்ளைங்க நிறைய பேருக்கு கார்ல் ஜென்கின்ஸ்னா பெனடிக்டஸ்ங்கிற லத்தீன் பூசைப் பாட்டு மட்டும்தான் தெரியும், யூடியூப்ல அது தனியா ஓடிக்கிட்டு இருக்கும், செல்லோ, அதான் வயலின் மாதிரியே பெருசா இருக்குற வாத்தியம், உருக்கமா வரும், கேட்டுட்டு ஒரு லைக்க போட்டுட்டு போயிருவாங்க. நல்ல பாட்டுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அது 'தி ஆர்ம்ட் மேன்'னு 13 பகுதி உள்ள ஒரு பெரிய படைப்புல 12ஆவது பகுதி, யுத்தத்த காட்டி சமாதானத்துக்காக பாடுற பூசை இசை அது. முன்னுக்கு வர்ற 11ஐயும் கேக்காம அத மட்டும் கேட்டா அந்த ஆறுதல் எதுக்குன்னே புரியாது, அதனாலதான் முழு ஆல்பத்த பத்தியும் எழுதுறேன்.

ஜென்கின்ஸ் வேல்ஸ்காரர், 1944ல பிறந்தவர், அவர் அப்பா ஸ்கூல் டீச்சர், ஊர் சேப்பல்ல ஆர்கன் வாசிச்சு கொயரும் நடத்துனவர். இவர் ஓபோங்கிற குழல் வாத்தியம் படிச்சாரு, சாக்ஸபோன் ஊதுனாரு, சாஃப்ட் மெஷின்னு ஒரு பேண்ட்லயும் இருந்தாரு, அப்புறம் விளம்பரத்துக்கு மியூசிக் போட்டாரு. சில பேர் இவர கொஞ்சம் எளக்காரமா பேசுறதுக்கு அந்த விளம்பர வேலையும் ஒரு காரணம். மெட்டு ரொம்ப லேசு, ஆழம் இல்லம்பாங்க. எனக்கு அதுல உடன்பாடே கிடையாது. ஒரு தடவ கேட்டதும் வாயில வந்து ஒட்டிக்கிற மெட்ட போடுறது லேசான வேலையா?

இந்த படைப்ப எழுதச் சொல்லி கேட்டது இங்கிலாந்துல இருக்குற ராயல் ஆர்மரிஸ்ங்கிற ஆயுத மியூசியம். 2000 ஏப்ரல்ல லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹோல்ல முதல் தடவ பாடுனாங்க, கொசோவோ யுத்தத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு சமர்ப்பணம் பண்ணியிருக்காரு. ரெக்கோர்டிங் வந்தது 2001 செப்டம்பர் 10, அடுத்த நாள் அமெரிக்காவுல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும்.

முதல் பகுதியில படை நடந்து வர்ற காலடிச் சத்தம், டிரம்ஸ், அதுக்கு மேல சின்ன குழல், பிறகு கொயர் பழைய பிரெஞ்சு பாட்டு ஒண்ண பாட ஆரம்பிக்குது. அந்த டிரம்ஸ் அடி, விடியக்காலையில தேயிலத் தோட்டத்து லயத்துல, அதான் வரிசை வீடுகள்ல, இருந்த ஆட்கள பெரட்டுக்கு, அதான் வேல பிரிக்கிற எடத்துக்கு, கூப்பிட அடிச்சாங்கன்னு தாத்தா பாட்டி சொல்ற தப்பு மேளம் மாதிரி, கேட்டதும் எழும்பி போய்த்தான் ஆகணும்னு இருக்கும். அது முடிஞ்ச உடனே பாங்கு. ஆமா, பள்ளிவாசல்ல சொல்ற அதே பாங்குதான், அரபில, கூட எந்த வாத்தியமும் இல்லாம. அதுக்கு பிறகுதான் கிரியே, நம்ம பூசையில 'ஆண்டவரே இரக்கமாயிரும்'னு சொல்றது. ஹட்டன் டவுன்ல ஒரு நாள் முழுக்க இருந்தவங்களுக்கு பாங்கும் கோயில் மணியும் சர்ச் மணியும் பக்கத்து பக்கத்துல கேக்குறது பழக்கம்தான், ஆனா ஒரே படைப்புக்குள்ள ஒண்ணுக்கு பின்னால ஒண்ணா வச்சிருக்கிறத கேக்குறப்போ மனசு என்னமோ பண்ணுது.

சாங்டஸ்ல 'தூயவர் தூயவர்'னு பாடுறப்பவே பின்னுக்கு டிரம்ஸ் மிரட்டிக்கிட்டு இருக்கும், கடவுள் பேர சொல்லிக்கிட்டே யுத்தத்துக்கு கெளம்புற மாதிரி. ஆறாவது பகுதி எனக்கு அவ்வளவா ஒட்டல, அத விடுங்க. ஏழாவது 'சார்ஜ்', ட்ரம்பெட் எல்லாம் ஊதி உற்சாகமா போய் கடைசியில கொயரே பாட்ட விட்டுட்டு அலறுது. உண்மையான அலறல். அப்புறம் நீளமா ஒரு மௌனம். நம்ம மலைப்பக்க சிக்னலுக்கு லைன் போயிருச்சுன்னு நெனச்சு போன தட்டிராதீங்க, அந்த மௌனமும் இசையில சேர்ந்ததுதான், அது முடிஞ்ச பிறகு செத்துப்போன சிப்பாய்களுக்கு ஊதுற பியூகள் வரும்.

எட்டாவது ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தப்போ அங்க இருந்த தோகே சங்கிச்சியோட கவிதை. ஒன்பதாவது 'டார்ச்சஸ்', இது மகாபாரதத்துல இருந்து எடுத்தது, காண்டவ வனம் எரியிற எடம். நம்ம ஊர்ல கத கேக்குறப்போ கிருஷ்ணரும் அர்ஜுனனும் அக்கினிக்கு உதவி செஞ்சாங்கன்னு கடந்து போயிருவோம், இவர் எடுத்தது உள்ள எரிஞ்ச உயிர்கள, பிள்ளைகளையும் தாய் தகப்பனையும் கட்டிக்கிட்டு விட முடியாம செத்த பிராணிகள. 1977லயும் 1983லயும் தமிழ் ஆட்களுக்கு எதிரா நடந்த கலவரத்துல தோட்டங்கள்ல லயம் எரிஞ்சத நேர்ல பார்த்தவங்க நம்ம வீடுகள்ல இன்னும் இருக்காங்க. எனக்கு இந்த பகுதிய ஒரே மூச்சுல கேக்க முடியல.

இது எல்லாத்துக்கும் பிறகு வருது 'ஆக்னுஸ் டேய்', பூசையில 'இறைவனின் செம்மறியே'ன்னு வர்றது, பிறகு தனிக்குரல்ல ஒரு பாட்டு, பிறகுதான் பெனடிக்டஸ். இப்ப கேளுங்க அந்த செல்லோவ. மெதுவா போய்க்கிட்டே இருந்து திடீர்னு முழு கொயரும் டிரம்ஸும் 'ஓசன்னா'ன்னு வெடிக்கும், தனியா கேட்டப்போ அது சும்மா சத்தமா தெரிஞ்சிருக்கும், இப்ப அப்படி தெரியாது.

முழுசும் ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. போன் ஸ்பீக்கர்ல போடாதீங்க, கீழ் சத்தம் எல்லாம் காணாம போயிரும், செல்லோ கொசு மாதிரி கேக்கும், சாதாரண ஹெட்செட் இருந்தாலே போதும். வெஸ்டர்ன் மியூசிக் படிச்சிருக்கணும்னு ஒண்ணும் இல்ல, லத்தீன் தெரியலன்னாலும் பரவாயில்ல, பூசைக்கு போறவங்களுக்கு பாதி வசனம் தமிழ்ல மனப்பாடம்.

கொயர் நடத்துறவங்களுக்கு ஒரு விசயம். பெனடிக்டஸுக்கு நல்ல செல்லோ வேணும், நம்ம பக்கம் செல்லோ வாசிக்கிற ஆள தேடுறது கஷ்டம், கீபோர்ட்ல அந்த எடத்த நிரப்புனா பாதி போச்சு. அதனால ஆக்னுஸ் டேய்ய எடுங்க. மெட்டு நேரா போகுது, ஒரு ஆர்கனோ கீபோர்டோ இருந்தா சமாளிக்கலாம், தவக்காலத்துக்கும் சரியா பொருந்தும். சொப்ரானோவுல, அதான் மேல் குரல்ல, சத்தத்த அடக்கிப் பாடத் தெரிஞ்ச பிள்ளைங்க நாலு பேர் இருந்தா பயப்படாம ஆரம்பிக்கலாம்.