108 இஞ்ச் பன்னா துணி வாங்கியிருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் குயில்ட் (மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்காக வைத்துத் தைக்கிற போர்வை), பெட் கவர் தைக்கிறவர்கள் யாராவது சமீபத்தில் போனிலேயே ஆர்டர் போட்டு 108 இஞ்ச் பன்னாவில் (அதாவது அகலத்தில்) 'ப்யூர் காட்டன்' வாங்கியிருந்தால், தயவுசெய்து இன்னும் கத்தரி வைக்காதீர்கள். நான் வைத்துவிட்டேன். நாலு மாத உழைப்பும் போச்சு, அம்மாவின் புடவைகளும் போச்சு.

அம்மா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் கட்டிய மதுரைச் சுங்குடிப் புடவைகள் ஏழு என்னிடம் இருந்தன. இருபது வருடத்துக்கு மேல் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. போகிற சாயமெல்லாம் எப்போதோ போய், முடிச்சுப் போட்ட இடத்து வெள்ளைப் புள்ளிகள் மட்டும் பளிச்சென்று நிற்கும். நைந்த பாகத்தை ஒதுக்கிவிட்டு, நல்ல பாகத்தில் 240 சதுரங்கள் வெட்டி இணைத்தேன். டபுள் காட் கட்டிலுக்கு ஏற்ற மாதிரி 90க்கு 96 இஞ்ச் வந்தது.

அடித்துணிக்குத்தான் அலைந்தேன். சுற்றிலும் 3 இஞ்ச் கூடுதலாக விட வேண்டும், ஆக 96க்கு 102. கடையில் கிடைக்கிற காட்டன் 44 இஞ்ச் பன்னா என்பதால் மூன்று துண்டை ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டுத் தையல் வருகிற இடத்தில் துணி, பஞ்சு, மடிப்பு எல்லாம் சேர்ந்து தடித்துவிடும். கையால் தைக்கும்போது அங்கே ஊசி இறங்காது. அதனால்தான் ஒட்டே இல்லாத பெரிய பன்னா துணியைத் தேடினேன். காசு மிச்சமாகும் என்பதற்காக அல்ல. 44 பன்னாவில் சுமார் 8 மீட்டர் வாங்கினாலும் கிட்டத்தட்ட அதே பணம்தான்.

வாட்ஸப் குழு ஒன்றில் ஒருவர் துணி படங்கள் போட்டுக்கொண்டிருந்தார். போன் செய்தேன். "அக்கா, நூறு சதவீதம் காட்டன். சான்ஃபரைஸ் பண்ணது, சுருங்கவே சுருங்காது. சாயத்துக்கு நான் கேரண்டி. நனைக்கவே வேண்டாம், நேரா தைங்க" என்றார். சான்ஃபரைஸ் என்றால் மில்லிலேயே துணியை முன்கூட்டிச் சுருக்கிவிடுவது. மயில் நீலத்தில் 2¾ மீட்டர், மீட்டர் 420 ரூபாய். பணம் போட்ட மூன்றாம் நாள் பார்சல் வந்தது. அகலத்தில் இரண்டாக மடித்து, நீளவாக்கில் மறுபடி மடித்து, நல்ல மொடமொடப்பாக இருந்தது. மடித்தபடியே டேப் வைத்தேன், கரை முதல் மடிப்பு வரை 53½. இரட்டித்தால் 107. ஒரு இஞ்ச்தானே என்று விட்டுவிட்டேன். எப்போதும் புதுத் துணியை ஒரு இரவு ஊற வைக்காமல் தொடாதவள் நான். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் இந்த ஒரு தடவை நனைக்கவில்லை.

மூன்று அடுக்கையும் சேர்த்து நாலு மாதம், தினமும் சாயங்காலம் கையால் ஓட்டுத் தையல் போட்டேன். முடித்ததும் முதல் அலசல். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் வாளித் தண்ணீர் மை கரைத்த மாதிரி ஆகிவிட்டது. பதறி எடுத்து ஐந்து தண்ணீர் மாற்றி அலசினேன். நிழலில் காய்ந்ததும் பார்த்தால் சுங்குடியின் வெள்ளைப் புள்ளி அத்தனையும் நீலம். அதோடு நிற்கவில்லை. ஒரு திசையில் மட்டும் அடித்துணி இழுத்துக்கொண்டு, மேல்பக்கம் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக நின்றது.

சித்தப்பா ஈரோட்டில் ஒரு பிராசசிங் மில்லில் முப்பது வருடம் இருந்தவர். அவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். நல்லவேளை, நீளத்தில் வெட்டியது போக 12 இஞ்ச் பட்டை ஒன்று நனைக்காமல் மிச்சம் இருந்தது. அவர் முதலில் அதன் ஓரத்திலிருந்து பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்றையும் ஊடை நூல் (குறுக்கே அகலவாக்கில் ஓடுவது) ஒன்றையும் தனித்தனியாக உருவினார். தண்ணீர் டம்ளருக்கு மேலே பிடித்துத் தீக்குச்சி வைத்தார். ஊடை நூல் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிர்ந்தது. பாவு நூல் உருகிச் சுருண்டு, நுனியில் கறுப்பாக ஒரு மணி நின்றது. விரலில் உருட்டினால் கல் மாதிரி இருந்தது. அது பாலியெஸ்டர்.

அப்புறம் பட்டையை என் கண் முன்னால் அளந்தார். கரையிலிருந்து கரை வரை 107. ஊற வைத்து, காய வைத்து, மறுநாள் அளந்தோம். 98. நீளவாக்கில் அந்த 12 இஞ்ச் அப்படியேதான் இருந்தது. கஞ்சி போனதும் துணி கொசுவலை போல மெலிந்துவிட்டது. "கஞ்சியிலயும் இழுப்புலயும் நிக்கிற துணிம்மா இது" என்றார். ஸ்டென்டர் இயந்திரம் துணியின் இரண்டு கரையையும் ஊசியில் மாட்டி அகலவாக்கில் இழுத்துக் காய வைக்கும். அகலம் குறைவாக நெய்த துணியைக்கூட அளவுக்கு மீறி இழுத்துக் கஞ்சியில் நிறுத்தி 108 என்று விற்க முடியும் என்றார். தண்ணீர் பட்டதும் அது பழைய இடத்துக்கே போய்விடும். பாவு சுருங்காமல் ஊடை மட்டும் சுருங்கியதால்தான் சுருக்கம் ஒரு திசையில் மட்டும் வந்திருக்கிறது. ஒழுங்காக சான்ஃபரைஸ் செய்த துணி ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்காதாம். இது எட்டைத் தாண்டிவிட்டது.

விற்றவருக்குப் படம், வீடியோ எல்லாம் அனுப்பினேன். "வெட்டின துணிக்கு ரிட்டர்ன் இல்லக்கா" என்று ஒரே வரி. இரண்டாம் நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசி, புகார் பதிவு செய்திருக்கிறேன். என் கையில் பில் இல்லை, பார்சலில் முகவரி இல்லை, இருப்பது யுபிஐ ரசீது மட்டும். பில்லும் கடை முகவரியும் தர மறுப்பவரிடம் பணம் போடாதீர்கள்.

வாங்கிவிட்டவர்கள் இதைச் செய்யுங்கள். மடிப்போடு அளக்காமல் தரையில் முழுக்க விரித்து, கரையைத் தள்ளிவிட்டு அளந்து பாருங்கள். ஓரத்தில் 10 இஞ்ச் சதுரம் வெட்டி, பாவு எந்தப் பக்கம் என்று நூல் கட்டிக் குறித்துக்கொண்டு ஊற வையுங்கள். காய்ந்ததும் இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் துணியை அழுத்தித் தேய்த்தாலே சாயம் தெரிந்துவிடும். நூலை எரித்துப் பார்ப்பதானால் பாவு, ஊடை இரண்டையும் பாருங்கள். நான் ஊடையை மட்டும் எரித்திருந்தால் காட்டன் என்றே நம்பியிருப்பேன்.

இப்போது கத்திரி முனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வேகமாக இழுத்தால் சுங்குடி கிழிந்துவிடும். 44 பன்னாவில் வெள்ளை மல் துணி வாங்கி, மூன்று தடவை நனைத்துக் காய வைத்திருக்கிறேன். மூன்று துண்டாக ஒட்டித்தான் போடப் போகிறேன். நேற்று வரை பதினோரு வரிசை பிரித்தாயிற்று.