ஐந்தே நாளில் பரு அடங்கியது, ஒரு மாதச் சம்பளம் போனது

பருவுக்கு மூலிகை க்ரீம் விற்ற கடைக்காரர்கள் இன்று காலையில்தான் என் எண்ணை பிளாக் செய்தார்கள். முகம் இன்னும் எரிகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முகப்பருவுக்கு ஆன்டிபயாடிக் எதற்கு, இயற்கையாகவே சரிசெய்யலாம் என்று யாராவது உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள். என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

தோல் டாக்டர் எனக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும் பென்சாயில் பெராக்சைடு ஜெல்லும் கொடுத்திருந்தார். மாத்திரை வயிற்றைப் புரட்டியது, கொஞ்ச நேரம் வெயிலில் நின்றாலே கன்னம் சிவந்தது. கிருமிக்கு மருந்து பழகிப்போய்விடும் என்று வேறு படித்திருந்தேன். அந்தப் பயம் பொய்யில்லை. அதனால்தான் டாக்டர்களே பொதுவாக மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் மாத்திரையை நீட்டுவதில்லை. கூடவே கொடுக்கிற அந்த ஜெல்லுக்குக் கிருமி பழகுவதும் இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டாக்டரே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

மூலிகை அழகுப் பொருள் விற்கும் ஒரு இணையக் கடையைக் கேட்டேன். பெயர் சொல்லப்போவதில்லை, இதே மாதிரி எத்தனையோ இருக்கின்றன. ஒரு பெண் போனில் நாற்பது நிமிடம் பேசினார். என்ன மாத்திரை, எத்தனை நாளாக, தூக்கம் எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அப்புறம், "கண்ணாடி பார்க்கவே பிடிக்கலையாம்மா?" என்றார். அழுதுவிட்டேன். அதுவரை யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. அழுகை நின்றபோது பணம் அனுப்பி முடித்திருந்தேன். ஒரு பொடி, ஒரு எண்ணெய், இரவில் தடவ ஒரு க்ரீம், மூன்று மாதத்துக்கான செட். ஒரு மாதச் சம்பளம், முழுசாக.

க்ரீம் வேலை செய்தது. அதுதான் கொடுமை. ஐந்தே நாளில் சிவப்பு அடங்கியது, இரண்டாவது வாரம் முகம் பளபளத்தது. சந்தோஷத்தில் படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பினேன். ஆறாவது வாரம் ஒரு நாள் இரவு தடவ மறந்தேன். விடிந்தபோது முகமெல்லாம் அரிப்பு, எரிச்சல். வாயைச் சுற்றி ஒரே அளவில் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளங்கள்.

போன் செய்தேன். "உள்ளே இருக்கிற நஞ்சு வெளியே வருதும்மா, நல்லதுதான்" என்றார். அடுத்த வாரம், "நீங்க சாப்பிடறது சரியில்லை." அதற்கடுத்து போனை எடுத்தது வேறு ஒருவர்: "திறந்த டப்பாவைத் திருப்பி வாங்க மாட்டோம்." ஒரு மாதச் சம்பளம் சார் என்றேன். "வாங்கும்போது யோசிச்சிருக்கணும்" என்று வைத்துவிட்டார்.

பழைய டாக்டரிடமே போனேன். திட்டவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. நகத்தால் லேபிளின் ஓரத்தைச் சுரண்டினார். அடியில் இன்னொரு லேபிள், வேறு பெயர், அதே "நூறு சதவீதம் இயற்கை." லென்ஸ் வைத்து என் கன்னத்தில் நூல் நூலாகத் தெரிந்த ரத்தக் குழாய்களைக் காட்டி, "ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க, தோல் மெலிஞ்சிருக்கு" என்றார். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சிவப்பையும் சட்டென்று அமுக்கும், அதனால் அற்புதம் மாதிரி தெரியும். தொடர்ந்து தடவினால் அதுவே பருவைக் கிளப்பும், நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். இனி தோல் தேற மாதக்கணக்கில் ஆகுமாம்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், கை ஓடவில்லை. அவசரமாக இதை மட்டும். ஒரு வாரத்துக்குள் பரு மறைந்தால் சந்தேகப்படுங்கள், சரியான மருந்துக்கே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இயற்கை வழி என்று சொல்லப்படுவதில், டீ ட்ரீ ஆயிலில் (ஒரு ஆஸ்திரேலிய மரத்தின் இலையிலிருந்து எடுக்கிற எண்ணெய்) கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1990-ல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் ஐந்து சதவீத டீ ட்ரீ ஆயிலை பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருவைக் குறைத்தன, ஆயில் மெதுவாக. ஆனால் நீர்க்காமல் அப்படியே தடவாதீர்கள், தோல் வெந்துபோகும். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். ஆன்டிபயாடிக் பிடிக்கவில்லை என்றால் டாக்டரிடமே அசலாயிக் அமிலம் என்ற தடவும் மருந்தைப் பற்றிக் கேளுங்கள், அது கோதுமை, பார்லியில் இயற்கையாகவே இருக்கிற பொருள்தான். ஆழமாக, வலிக்கிற பரு என்றால் எண்ணெய், பொடி எதையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

சந்தோஷத்தில் அனுப்பினேன் என்றேனே, அந்தப் படம் இன்னும் அவர்கள் பக்கத்தில் இருக்கிறது, "எங்கள் வாடிக்கையாளர், இரண்டே வாரத்தில்" என்று. எடுக்கச் சொல்லி நான்கு முறை கேட்டேன். நான்காவது முறைதான் பிளாக் செய்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் பணம் அனுப்பிவிடாதீர்கள். அது நான்தான்.