96 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்லி எம்பி3 விற்கிறார்கள், கவனம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் உறுமி மேளம், பஜனைக் குழு வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டுங்கள்.

தைப்பூசத்துக்கு முன்னால் எங்கள் உறுமிக் குழுவைப் பதிவு செய்ய, பட்டணத்தில் கடைமாடியில் இருக்கும் ஓர் இடத்தில் 1,800 வெள்ளிக்குப் பேசினோம். “24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ணே, சிடியெல்லாம் கிட்டவே வராது” என்றார் அந்தத் தம்பி. பென்டிரைவில் வந்த வேவ் ஃபைல்களைத் திறந்தால் அதே எண்கள், நிமிடத்துக்கு 34 எம்பிக்கு மேல், சரிதான். காரில் போட்டுக் கேட்டால் ஜால்ரா தண்ணிக்குள் முக்கித் தட்டியதுபோல் கொழகொழ என்கிறது.

ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் (இலவசம்தான்) ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படம், போட்டுப் பார்த்தேன். ஒரு நொடிக்கு ஒலியை எத்தனை தடவை அளக்கிறோமோ (சாம்பிள் என்பது அதுதான், 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 96,000) அதில் பாதி அதிர்வெண் வரைக்கும்தான் ஒலி பதிவாகும், சிடியின் 44.1-இல் ஏறக்குறைய 22 கிலோஹெர்ட்ஸ் வரை, 96-இல் 48 வரை இடம் இருக்கிறது. எங்கள் ஃபைலில் 16 கிலோஹெர்ட்ஸோடு நேர்கோடாக வெட்டுப்பட்டு, அதற்கு மேல் ஒன்றுமே இல்லை. மைக்கால் குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். இப்படி வெட்டுவது, ஃபைலைச் சின்னதாக்க ஒலியில் ஒரு பகுதியைத் தூக்கிப்போடும் 128 கேபிபிஎஸ் எம்பி3 செய்கிற வேலை. அதை 96-ஆக மாற்றிச் சேமித்தால் ஃபைல்தான் பெருக்கும், போன ஒலி திரும்ப வராது.

அதைவிட வயிற்றெரிச்சல் உறுமி. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு அடியின் உச்சியும் தட்டையாக இருக்கிறது. கெயினை (மைக்கிலிருந்து வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றிவைத்துப் பதிவு செய்து, பிறகு வால்யூமைக் குறைத்து மறைத்திருக்கிறார். டிஜிட்டலில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் எழுத எண்ணே கிடையாது, உச்சி தட்டையாகிவிடும், அத்தோடு சரி. 24 பிட்டில் மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் நடுவே 144 டெசிபல் வரை இடம் கிடக்கும்போது உச்சத்தை மைனஸ் 12 டெசிபலில் வைப்பதில் என்ன கஷ்டம்?

கேட்டதற்கு “உறுமின்னா அப்படித்தாண்ணே இரையும்” என்றார், ஒரிஜினலை அழித்துவிட்டாராம். காசும் திரும்பவில்லை. வாசித்த பையன்கள் பாதிப்பேர் ஜொகூருக்கு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள், மறுபடி பதிவு செய்ய வழியில்லை.

44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தாராளமாகப் போதும், 96-க்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள். முதலில் இருப்பதிலேயே பலமான அடியை அடிக்கச் சொல்லி ஒரு நிமிடம் பதிவு செய்து அலையைப் பாருங்கள். அன்றைக்கே ஒரிஜினல் ஃபைல்களை உங்கள் பென்டிரைவில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மீதிப் பணம்.

அதே இடத்தில் இப்போது பழைய கேசட்டுகளையும் ‘ஹை-ரெஸ்’ (சிடியைவிட உயர்ந்த தரம்) ஆக்கித் தருவதாக வாட்ஸ்அப்பில் விளம்பரம் ஓடுகிறது. தாத்தா பாட்டி குரல் இருக்கும் கேசட்டை அங்கே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.