சலாஸி மலையில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரியூனியன் தீவில் கிறிஸ்துமஸ் வருவது நல்ல கோடைக்காலத்தில். கரையோர ஊர்களில் மயிற்கொன்றை செக்கச்செவேலென்று பூத்திருக்க, சாலையோரங்களில் லிச்சிப் பழங்கள் இலையும் காம்புமாகக் கொத்துக்கொத்தாக விற்பனைக்கு வரும் அந்த நாட்களிலும், பிரான்சின் குளிர்கால விருந்தையே பரிமாறும் உணவகங்கள் இங்கே உண்டு. சென்ற டிசம்பர் 25 அன்று நாங்கள் குடும்பத்தோடு மதிய உணவுக்குச் சென்ற, சலாஸி மலையிலுள்ள எல்-பூர் விருந்தினர் இல்லம், இந்தத் தீவில் அந்த மாதத்தில் கிடைப்பதைக் கொண்டே சமைத்தது. அதற்காகவே அது பாராட்டுக்குரியது.

சேன் ஆந்த்ரேயிலிருந்து மாத் ஆற்றை ஒட்டி ஏறும் சாலையில் செல்லச் செல்ல வெக்கை தணிந்து, சலாஸிக்கே உரிய சௌசௌப் பந்தல்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன. டிசம்பரில் கனமழை பெய்தால் பாறை சரிந்து இந்தச் சாலை அடைபடுவதுண்டு. ஆகவே புறப்படும் காலையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

சமையல் முழுவதும் விறகடுப்பில். முதலில் பாலாடைக்கட்டி தூவிச் சுட்ட சௌசௌ வந்தது. மேலே மொறுமொறுப்பும் உள்ளே குழைவுமாக, மிளகு சரியான அளவில் இருந்தது. அடுத்து வந்த வனிலா வாத்துக்கறிதான் அன்றைய விருந்தின் சிறப்பு. நெடுக்காகக் கீறிய வனிலாக் காய் குழம்பிலேயே கிடந்தது; அதன் மணல் போன்ற கரிய விதைகள் கறித்துண்டுகளில் ஒட்டியிருந்தன. இனிப்பு தூக்கலாக இல்லாமல், வெங்காயமும் மஞ்சளும் தைம் இலையும் அந்த மணத்தைத் தாங்கி நின்றன. வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைக்கும் எளிய முறையை 1841-இல் கண்டறிந்த எட்மோன் அல்பியுஸ், இதே தீவின் சேந்த் சுசானில் அடிமையாக இருந்த 12 வயதுச் சிறுவன் என்பதைப் பரிமாறியவர் குழந்தைகளுக்குப் பொறுமையாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸ் மேசையில் நம்மவர்களின் ஆட்டுக்கறி மசாலாவும் இருந்தது. கொத்தமல்லி, சீரகம், வெந்தயம் வறுத்து அரைத்த வாசனை, கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த முன்னோர்களின் சமையல் இங்கே எல்லார் வீட்டு விருந்திலும் இடம்பிடித்துவிட்டதை உணர்த்தியது. என் மாமியார் சைவம். முன்பே சொல்லியிருந்ததால் அவருக்குப் பருப்பும், சௌசௌத் தளிர்க் கீரையும், காய்கறி ஊறுகாயும் தனிப் பாத்திரத்தில், தனி அகப்பையோடு வந்தன. இந்த அக்கறையை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

குறை ஒன்றே. வெண்ணெய்க் கிரீம் பூசிய மரக்கட்டை வடிவக் கேக், மலையூரானாலும் நண்பகல் வெயிலைத் தாங்காமல், மேசைக்கு வருமுன்பே இளகிச் சரிந்துவிட்டது. பக்கத்துத் தட்டில் குளிரவைத்த லிச்சிகள் இருக்கும்போது, அதை வலிந்து வைக்கத் தேவையே இல்லை; லிச்சியில் ஒரு ஐஸ்கிரீம் செய்திருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

பெரியவர்களுக்கு 35 யூரோ, சிறுவர்களுக்குப் பாதி. இத்தீவில் அடிமை முறை 1848-இல் ஒழிக்கப்பட்ட நாளான டிசம்பர் 20-இல் தொடங்கிப் புத்தாண்டு வரை இந்த விருந்து உண்டு. மேசைகள் சிலவே என்பதால் நவம்பரிலேயே பதிவு செய்துவிட வேண்டும். சைவ உணவு வேண்டுவோர் அதையும் அப்போதே சொல்லிவிடலாம்.